ஐந்து வாரம் அலமாரியில் நின்ற தண்ணீர்: ஓர் ஆய்வு மாணவியின் செமஸ்டர் அறிக்கையில் எழுதப்படாதவை

2024 ஜூன் கடைசி வாரம். சுற்றுச்சூழல் அறிவியல் துறையின் கருத்தரங்க அறையில் ஒரு முனைவர் பட்ட மாணவிக்கு மூன்றாவது கமிட்டிக் கூட்டம். நான் வேதியியல் துறையிலிருந்து அந்தக் கமிட்டியில் உறுப்பினர். பதினாலாவது ஸ்லைடில், தண்ணீரில் எந்த அயனி தூக்கலாக இருக்கிறது என்று காட்டும் பைப்பர் வரைபடம் வந்தது. 48 கிணறுகள், மே மாதத்துப் புள்ளிகள் நீலத்தில், ஜனவரி மாதத்துப் புள்ளிகள் சிவப்பில். நீலம் பரவலாக இருந்தது. சிவப்பு மொத்தமும் குளோரைடு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது.

"மழையில மண்ணுல இருந்த உப்பு கரைஞ்சு கீழ இறங்கியிருக்கு மேடம், அதனால பைகார்பனேட் வகை தண்ணி குளோரைடு வகையா மாறியிருக்கு" என்று மாணவி விளக்கினார். நம்பக்கூடிய விளக்கம்தான். கைடு (ஆய்வு நெறியாளர்) தலையாட்டினார், இன்னொரு உறுப்பினர் குறித்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல். மழைக்குப் பிறகு எல்லாக் கிணறும், ஆழ போர்வெல் உட்பட, ஒன்று விடாமல் ஒரே பக்கம் நகருமா?

"அயான் பேலன்ஸ் எவ்வளவும்மா வருது?" என்று கேட்டேன்.

அவர் கைடைப் பார்த்தார். கைடு லேப்டாப் திரையைப் பார்த்தார். ஒரு நிமிஷத்துக்கு மேல் யாரும் பேசவில்லை.

அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மாணவி இதைப் படித்துப் பார்த்து, இரண்டு தேதிகளைத் திருத்திக் கொடுத்து, வெளியிடலாம் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர்களும் பல்கலைக்கழகமும் வேண்டாம் என்பது என் முடிவு. அதற்கு முந்தைய இரண்டு கூட்டங்களிலும் "முன்னேற்றம் திருப்திகரம்" என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இது அந்த மாணவியைப் பற்றிய வழக்கு மட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆய்வு என்ன, எதற்காக

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை, வயதானவர்களுக்கு முழங்கால் மடங்காது, முதுகு நிமிராது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். நைஸ், சார்னோக்கைட் போன்ற கடினப் பாறைகளில் இருக்கும் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் மாதிரியான தாதுக்களிலிருந்து அது தண்ணீருக்குள் வருகிறது. இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கி வைத்தார்கள். அது வந்த பிறகும் தோட்டத்து வீடுகளிலும் மலையடிவார ஊர்களிலும் போர்வெல் தண்ணீரையும் அடிபம்புத் தண்ணீரையும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மாணவி எடுத்துக்கொண்டது அந்தக் கிணறுகளைத்தான். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கம் 48 கிணறுகள். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை தண்ணீர் எடுத்து, ஃபுளோரைடு எப்போது, ஏன் ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது.

இதில் பைகார்பனேட் ஏதோ ஓரத்து விஷயம் கிடையாது. கால்சியம் குறைந்து, பைகார்பனேட்டும் சோடியமும் கூடிய காரத்தன்மையுள்ள தண்ணீரில்தான் ஃபுளோரைடு அதிகம் கரைந்து நிற்கும். ஆக அவருடைய ஆய்வுக் கேள்வியே பைகார்பனேட் எண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அவர் 2023 ஜனவரியில் சேர்ந்தார். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியவர், மாதம் 37,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் வீட்டுக்குப் போகிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

தாளில் இருந்தது

2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) முனைவர் பட்ட ஒழுங்குமுறை, ஒவ்வொரு ஸ்காலரும் செமஸ்டருக்கு ஒரு முறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வந்து தன் வேலையை விளக்கி, சுருக்கமான முன்னேற்ற அறிக்கை தர வேண்டும் என்கிறது. எங்கள் பக்கம் பழைய பழக்கத்தில் டாக்டரல் கமிட்டி என்போம், டி.சி. மீட்டிங் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு. விதிகள் மோசமில்லை.

படிவத்தில் நாலு கட்டம். கடந்த ஆறு மாதத்தில் செய்த பணி, அடுத்த ஆறு மாதத் திட்டம், வெளியீடுகள், நெறியாளர் குறிப்பு. அந்த ஜூன் கூட்டம் முடிந்த மறுநாள் பழைய இரண்டு அறிக்கைகளையும் கோப்பிலிருந்து எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

2023 ஜூன்: "கோர்ஸ் வொர்க் முடிந்தது. மழைக்கு முந்தைய மாதிரி சேகரிப்பு முடிந்தது. பகுப்பாய்வு நடைபெறுகிறது."

2023 டிசம்பர்: "மழைக்கு முந்தைய மாதிரிகளின் பகுப்பாய்வு முடிந்தது. மழைக்குப் பிந்தைய சேகரிப்பு ஜனவரியில் மேற்கொள்ளப்படும்."

மூன்றாவது, 2024 ஜூன்: "மழைக்குப் பிந்தைய மாதிரிகளின் சேகரிப்பும் பகுப்பாய்வும் முடிந்தன. ஆய்வுக் கட்டுரை தயாராகிறது."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால்கூட எந்த இடத்திலும் சந்தேகம் வராது. ஆனால் காலண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செமஸ்டர் ஜூனிலும் டிசம்பரிலும் முடிகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்து, தண்ணீர் எடுக்க வேண்டிய நேரம் ஜனவரி. அதாவது டிசம்பர் அறிக்கை கொடுத்து மூன்று வாரத்தில் மிக முக்கியமான வேலை நடக்கிறது, அதை நாங்கள் முதல்முறை பார்ப்பது ஜூனில். ஐந்து மாதம் கழித்து. அந்த ஐந்து மாதத்தில் தண்ணீருக்கு என்ன ஆனாலும் ஜூன் அறிக்கையில் அது "முடிந்தது" என்ற ஒரே சொல்லாகத்தான் வரும். வயலில், கடலில், காட்டில், கிணற்றில் வேலை செய்கிற எல்லா ஸ்காலருக்கும் இதே சிக்கல் இருக்கிறது. லேபுக்குள்ளேயே வேலை செய்கிறவர்களுக்கு வகுத்த ஆறு மாதம் இது.

ஜனவரியில் நடந்தது

கூட்டத்தில் அன்றைக்கே அயான் பேலன்ஸைக் கணக்கு போட்டுப் பார்த்தோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தண்ணீருக்கு மின்சுமை கிடையாது, ஆகவே அதில் கரைந்திருக்கும் நேர் அயனிகளின் மொத்தச் சுமையும் எதிர் அயனிகளின் மொத்தச் சுமையும் சமமாக வந்தாக வேண்டும். நம் அளவீடு சரியா என்று பார்க்க இதைவிட மலிவான சோதனை இல்லை. வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது, 10 வரை சிலர் பொறுத்துக்கொள்வார்கள். மே மாதத்து 48-இல் நான்கு மட்டும் 5-ஐத் தாண்டியிருந்தன. ஜனவரியில் 31. அந்த 31-ம் ஒரே திசையில், நேர் அயனி கூடுதலாக. கைத்தவறு என்றால் இரண்டு பக்கமும் சிதறியிருக்கும். ஒரே பக்கம் சாய்ந்தால் எதிர் அயனிகளில் ஏதோ ஒன்று எல்லா பாட்டிலிலும் காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

"டைட்ரேஷன் எப்ப பண்ணீங்க?" என்றேன். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பைகார்பனேட்டை அளக்கும் வேலை அது.

"மே மாசத்தோடதா மேடம்? எடுத்த ரெண்டு மூணு நாள்ல பண்ணிட்டேன். லீவு, லேப் காலியா இருந்துச்சு."

"ஜனவரியோடது?"

நோட்டைப் புரட்டினார். தண்ணீர் எடுத்தது ஜனவரி 18 முதல் 24 வரை, பொங்கல் முடிந்த கையோடு. பைகார்பனேட்டுக்கான டைட்ரேஷன் பிப்ரவரி 26 முதல் 29 வரை. நடுவில் ஐந்து வாரம். காரத்தன்மையை (பைகார்பனேட் எண் அதிலிருந்துதான் வருகிறது) 24 மணி நேரத்துக்குள் பார்ப்பது நல்லது, எப்படிப் போனாலும் 14 நாளைத் தாண்டக் கூடாது என்பது நீர்ப் பரிசோதனைக்கு லேபில் எல்லோரும் புரட்டுகிற ஏ.பி.எச்.ஏ. கையேட்டிலேயே இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். கோர்ஸ் வொர்க்கில் அதே கேள்விக்குப் பதில் எழுதியவர்.

"பாட்டில் இன்னும் இருக்கா?"

இருந்தது. எல்லோரும் எழுந்து லேபுக்குப் போனோம். மேல் அலமாரியில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், இரண்டு வரிசை. ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு பாலிஎத்திலீன் பாட்டில்: ஒன்றில் நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டது, உலோகங்களுக்கு, மற்றது அப்படியே விட்டது, எதிர் அயனிகளுக்கு. 23-ஆம் எண் கிணற்றின் இரண்டு பாட்டிலையும் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அமிலம் விட்டது பளிச்சென்று இருந்தது. விடாத பாட்டிலின் உள்சுவரில் நீர்மட்டம் வரைக்கும் மெல்லிய வெள்ளைப் படலம். சாய்த்ததும் அடியில் மாவு மாதிரி ஒன்று நகர்ந்தது. உப்புத் தண்ணீர் ஊரில் வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அதே பொருள், கால்சியம் கார்பனேட். பூமிக்குள் அழுத்தத்தில் இருந்த தண்ணீர் வெளியே வந்து கார்பன் டை ஆக்சைடை விட்டதும் மெதுவாகப் படிய ஆரம்பித்து, பைகார்பனேட்டை இழுத்துக்கொண்டு சுவரில் ஒட்டிவிட்டது. கால்சியத்தை அமில பாட்டிலில் அளந்ததால் அது முழுதாக வந்தது. பைகார்பனேட்டைப் படலம் கட்டிய பாட்டிலில் அளந்ததால் குறைவாக வந்தது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் குளோரைடு பக்கம் ஒதுங்கியதற்கு மழை காரணமே இல்லை.

மாணவி அந்த பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழவில்லை. "ஃபிரிட்ஜ்ல வெக்கத்தான் மேடம் இருந்தேன், எம்.எஸ்சி. பசங்களோட மீடியா பிளேட் ஃபுல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

ஃபிரிட்ஜ் சரி, ஐந்து வாரம் ஏன் ஆனது? கைடுக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் கேட்டேன். பதிலை மாணவி சொல்லவில்லை, கைடேதான் சொன்னார். ஜனவரி கடைசியிலிருந்து துறையில், உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரச் சான்று தரும் நாக் (NAAC) குழு வருகைக்கான தயாரிப்பு. ஐந்து ஆண்டு வருகைப் பதிவு, முன்னாள் மாணவர் விவரம், நிகழ்ச்சிப் புகைப்படங்களுக்குத் தேதி போட்டு அடுக்குவது, ஒவ்வொரு கோப்பையும் ஸ்கேன் செய்து ஏற்றுவது. துறை ஒருங்கிணைப்பாளர் கைடுதான். துறையில் இருந்த முழுநேர ஸ்காலர்கள் நாலு பேரும் காலை ஒன்பதரைக்கு வந்து இரவு ஏழு மணி வரை அதே வேலை. நடுவில் இளங்கலை செய்முறைத் தேர்வுக்கு உதவி. ஃபுளோரைடை மட்டும் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று மாணவி ஆறு நாள் இரவு எட்டு மணிக்கு மேல் லேபில் உட்கார்ந்து எலக்ட்ரோடில் அளந்து முடித்திருக்கிறார். ஒவ்வொரு பத்து மாதிரிக்கும் நடுவில் ஸ்டாண்டர்டை மறுபடி அளந்து எழுதி வைத்திருந்தார், அவ்வளவு ஒழுங்கு. அமில பாட்டிலில் உள்ளது கெடாது என்று அதைத் தள்ளி வைத்தது சரியான முடிவு. மிச்சமிருந்த பைகார்பனேட்தான் மாட்டிக்கொண்டது.

பிறகு நானும் அவரும் உட்கார்ந்து நாள் கணக்கு எடுத்தோம். ஜனவரி 25-க்கும் பிப்ரவரி 25-க்கும் நடுவே ஆய்வு தவிர வேறு வேலைக்குப் போன நாள் 22. இந்த 22 நாளை எழுத முன்னேற்ற அறிக்கையில் ஒரு கட்டம்கூட இல்லை. அவர் நினைத்தாலும் எழுதியிருக்க முடியாது. எழுதியிருந்தால் யாரைப் பற்றிய புகார் அது? கையெழுத்துப் போட வேண்டிய கைடைப் பற்றிய புகார்.

கைடை நான் வில்லனாக்கவில்லை. எட்டு ஸ்காலர் வரை பேராசிரியர் ஒருவர் வைத்துக்கொள்ளலாம், இவரிடம் ஏழு பேர். வகுப்பு, தேர்வு, வேறு இரண்டு கமிட்டி, அதன் மேல் நாக். அந்த மாதம் அவரே வீட்டுக்குப் பத்து மணிக்கு முன்னால் போனதில்லை. மேலிருந்து இறங்குகிற வேலை கடைசியில் யார் "முடியாது" என்று சொல்ல முடியாதவர்களோ அவர்கள் மேசைக்கு வந்து சேரும். அந்த இடத்தில் எப்போதும் ஸ்காலர்கள்தான் இருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

கமிட்டியில் நடந்த சண்டை

லேபிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்ததும் முதலில் வந்த யோசனை: "பைகார்பனேட்டை வித்தியாசத்துல போட்டுக்கலாமே." அதாவது மற்ற எல்லா அயனியும் சரியாக இருப்பதால், சமன் வருவதற்கு எவ்வளவு பைகார்பனேட் தேவையோ அதைக் கணக்கில் எடுத்து எழுதிவிடலாம். இதைச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இன்னும் ஒரு ஜனவரிக்குக் காத்திருந்தால் மாணவிக்கு ஒரு வருஷம் போகும் என்ற அக்கறையில்தான் சொன்னார். அளவிட முடியாத இடத்தில் அப்படிக் கணக்கிட்டு, கணக்கிட்டதுதான் என்று வெளிப்படையாக எழுதி வெளியிடுகிறவர்களும் உண்டு.

ஆனால் இந்த ஆய்வில் அதைச் செய்யவே கூடாது என்று நான் நின்றேன். முதலாவது, அப்படிப் போட்டால் பேலன்ஸ் சுத்தமாகப் பூஜ்யம் வரும். மற்ற அயனிகளில் இருக்கும் பிழைகளும் அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும், பிடிக்கவே முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், இந்த ஆய்வின் கேள்வியே பைகார்பனேட்டுக்கும் ஃபுளோரைடுக்கும் உள்ள உறவு. உறவில் ஒரு பக்கத்து எண்ணை நாமே உட்கார்ந்து போட்டுவிட்டு, அந்த எண்ணை வைத்தே உறவு இருக்கிறது என்று எழுதினால் அந்தத் தீஸிஸில் என்ன மிச்சம்? நாளைக்கு ஒரு ஊராட்சியில் எந்தக் கிணற்றை மூடுவது என்று யாராவது அதைப் பார்த்து முடிவெடுத்தால்? அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளைகளின் பல்லை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டுரை வேறு அனுப்பத் தயாராக இருந்தது, அதே சிவப்புப் புள்ளிகளோடு. 2022 விதி தீஸிஸ் கொடுப்பதற்கு முன் கட்டுரை கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது, ஆனால் படிவத்தில் வெளியீடுகள் கட்டம் அப்படியே இருக்கிறது, அது காலியாக இருந்தால் எல்லா ஸ்காலருக்கும் பதற்றம். இன்னும் பத்து நாள் கழித்துக் கூட்டம் வைத்திருந்தால் அனுப்பியிருப்பார்கள்.

அடுத்த சண்டை, படிவத்தில் எதை டிக் செய்வது என்பதில். இரண்டே கட்டம்: திருப்திகரம், திருப்திகரமாக இல்லை. கைடு முதலாவதைத்தான் விரும்பினார், மாணவிக்காக. "இல்லை" என்று போட்டால் உதவித்தொகைக்கு ஏதாவது வந்துவிடுமோ, அடுத்த ஜனவரியில் ஜே.ஆர்.எஃப்.பிலிருந்து அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். உயர்வுக்குத் தடையாகுமோ என்ற பயம். நியாயமான பயம்.

நான் ஒழுங்குமுறையைத் திறந்து அந்தப் பகுதியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். முன்னேற்றம் திருப்திகரமாக இல்லாவிட்டால் குழு அதற்கான காரணங்களைப் பதிவு செய்து, சரிசெய்யும் வழிகளைப் பரிந்துரைக்க வேண்டும். அந்த வழிகளை ஸ்காலர் நிறைவேற்றத் தவறினால்தான் பதிவை ரத்து செய்யும் பேச்சே வருகிறது. இந்த வரியை எல்லோரும் மிரட்டலாகவே படித்துப் பழகிவிட்டோம். மறுபடி படித்துப் பாருங்கள், "காரணங்களைப் பதிவு செய்து" என்கிறது. காரணம் மாணவியிடம்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. துறையிடம் இருந்தால் துறையைத்தான் எழுத வேண்டும். திருப்திகரம் என்று டிக் அடித்துவிட்டால் காரணம் எழுதவே இடமில்லை, அந்த 22 நாள் எந்தத் தாளிலும் இல்லாமல் போய்விடும். அடுத்த வருஷம் "ஏன் தாமதம்" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர் ஒருத்தர்தான்.

ஒன்றரை மணி நேரம் பேசினோம். கடைசியில் "திருப்திகரமாக இல்லை" என்று டிக் செய்து ஒரு பக்கம் இணைத்தோம். களப்பணியும் ஃபுளோரைடு அளவீடும் குறையில்லாதவை. ஜனவரி 2024 பைகார்பனேட் மதிப்புகள் ஆய்விலிருந்து விலக்கப்படுகின்றன. காரணம், மாதிரி எடுத்த நாளுக்கும் பகுப்பாய்வு நாளுக்கும் இடையே ஐந்து வாரம். அந்த இடைவெளியில் ஸ்காலருக்குத் துறை சார்ந்த பிற பணிகள் 22 நாள் தரப்பட்டிருந்தன. பரிந்துரை, டைட்ரேஷனைக் களத்திலேயே அன்றன்று முடிப்பது, மாதிரி சேகரிப்பு தொடங்கி ஒரு மாதத்துக்கு ஸ்காலருக்கு வேறு பணி எதுவும் தராமல் இருப்பது.

அந்தப் பக்கத்தில் முதல் கையெழுத்து கைடுடையது. பேனாவை எடுத்து, அந்த 22 என்ற எண்ணை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போட்டார். தன் மீதே சான்று எழுதிக்கொடுப்பது எந்தப் பேராசிரியருக்கும் எளிதில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

உதவித்தொகை நிற்கவில்லை. ஒரு மாதம் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள், அதே பக்கத்தின் நகலைக் கொடுத்தோம், முடிந்தது.

மறுபடியும் ஜனவரி

2024 டிசம்பர் கூட்டம் சுருக்கமாக முடிந்தது. மே மாதத்து முடிவுகளை வைத்து மட்டும் கட்டுரையைத் திருத்தி எழுதியிருந்தார். அதைவிட எல்லோரும் பேசியது மழையைப் பற்றி. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்து டிசம்பர் முதல் நாட்களில் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கொட்டித் தீர்த்திருந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் பார்க்காத மழை.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத இழப்பு தெரிந்தது. கெட்டுப்போன ஜனவரி 2024-க்குப் பதிலாக ஜனவரி 2025 என்று சுலபமாக எழுதிவிட்டோம். ஆனால் அது வேறு ஜனவரி. இப்படி ஒரு வெள்ளத்துக்குப் பிறகு எடுக்கிற தண்ணீரை வழக்கமான ஆண்டின் மழைக்குப் பிந்தைய தண்ணீர் என்று சொல்ல முடியாது. வெள்ளத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று கையில் முழுதாக இருந்திருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்! ஃபுளோரைடு மட்டும் இருக்கிறது, ஏன் என்று சொல்ல வேண்டிய பைகார்பனேட் இல்லை. அது திரும்பக் கிடைக்காது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

2025 ஜனவரியில் பொங்கலுக்குப் பிறகு அவர் போனார். 48-இல் மூன்று அடிபம்புகள் பழுது, 45 கிணறு. காலை ஆறரைக்குத் தம்பியின் பைக்கில் கிளம்பி, ஒவ்வொரு போர்வெல்லிலும் பத்து நிமிஷம் மோட்டாரை ஓட விட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, பி.எச்.சை அங்கேயே பார்த்து எழுதி, ஒரு நாளைக்கு ஏழு எட்டு கிணறு. மாலை பென்னாகரத்தில் தெரிந்தவர் வீட்டு மாடி அறை. ஒரு ஸ்டூல் மேல் பியூரெட் ஸ்டாண்ட், காய்ச்சி வடித்த நீர் ஒரு கேன், 0.02 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலம். டியூப் லைட் வெளிச்சத்தில் மெத்தில் ஆரஞ்ச் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குத் திரும்பும் சொட்டு கண்ணுக்குத் தப்புகிறது என்று முதல் நாள் இரவே எனக்கு போன் செய்தார். குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாள் வை, பக்கத்தில் ஏற்கெனவே நிறம் மாறிய குடுவை ஒன்றை ஒப்பிட வைத்துக்கொள் என்றேன். "வெச்சுட்டேன் மேடம், அதுவும் போதல, பி.எச். மீட்டரையே உள்ள விட்டு நாலரை வர்ற வரைக்கும் பாத்துட்டேன்" என்றார். நான் சொல்வதற்கு முன்னாலேயே செய்து முடித்திருந்தார். பதினொன்றரை மணி இருக்கும். அன்றைய ஏழு கிணறும் முடிந்திருந்தது.

அதே மாதக் கடைசியில் எஸ்.ஆர்.எஃப். உயர்வுக்கான மூன்று பேர் குழு கூடியது. வெளியிலிருந்து வந்த நிபுணர் கோப்பைப் புரட்டி, "திருப்திகரமாக இல்லை"யில் நின்று, இது என்ன என்றார். மாணவி இணைப்புப் பக்கத்தை எடுத்து நீட்டி, வெள்ளைப் படலத்திலிருந்து 22 நாள் வரை தானே சொன்னார், யாரையும் குறை சொல்லாமல், எதையும் விடாமல். உயர்வு கிடைத்தது. மாதம் 42,000.

ஐந்தாவது கூட்டம் 2025 ஜூனில். படிவத்தோடு இப்போது எங்கள் கமிட்டியில் ஒரு கூடுதல் தாள் வைக்கிறோம், நாங்களாகச் சேர்த்துக்கொண்டது, இந்த ஒரு கமிட்டிக்கு மட்டும்தான். மாதிரி எடுத்த தேதி, ஒவ்வொரு அளவீடும் செய்த தேதி, பக்கத்தில் பேலன்ஸ். கீழே ஒரு வரி: ஆய்வு தவிர்த்த பணிகளுக்குச் சென்ற நாட்கள். அந்த வரியில் 6 என்று இருந்தது. 45-இல் 43 கிணறு 5 சதவீதத்துக்குள். மீதி இரண்டும் 7-க்குள், அவற்றில் நைட்ரேட் ரொம்ப அதிகம், பக்கத்தில் மாட்டுத் தொழுவம், நீர்த்து மறுபடி அளக்கப் போவதாகச் சொன்னார். வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் இந்த முறை ஒட்டுமொத்தமாக எங்கேயும் ஒதுங்கவில்லை. திறந்தவெளிக் கிணறுகள் பைகார்பனேட் பக்கம் நகர்ந்திருந்தன, ஆழ போர்வெல்கள் இருந்த இடத்திலேயே நின்றன. ஆய்வுத் தலைப்பையும் லேசாக மாற்றியிருக்கிறோம், பெருமழைக்குப் பிறகு ஃபுளோரைடு என்ன ஆகிறது என்பதாக.

அந்தக் கூட்டத்தின்போது இன்னும் ஒரு சாதாரண ஆண்டின் ஜனவரி தேவைப்பட்டது. அதற்கு 2026 பொங்கல் முடிந்த மறுநாள் கிளம்ப வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் தேதி குறித்து வைத்திருந்தார். அதன் கீழேயே, அந்தத் தேதியிலிருந்து 30 நாளைக்கு இவருக்கு வேறு வேலை எதுவும் கிடையாது என்று கைடு தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.